மாடும் வேண்டும், மண்ணும் வாழ வேண்டும்!

மாட்டை நாம் லட்சுமி என்கிறோம். அந்த மாட்டினால் பூமிக்குக் கெடுதல் என்று யாராவது சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்? "நம்ம மாடு விடுற ஏப்பத்தாலயும் உலகம் சூடாகுதாம். வித்துடலாமாம்மா?" என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்டபோது எனக்கும் சுருக்கென்றது. அவளுக்குப் பீஸ் கட்டுவதே எங்கள் இரண்டு கறவை மாடுகளின் பால் காசில்தான்! ஆனால் அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது, சகோதரிகளே. மாட்டை விற்காமலேயே நாம் செய்யக் கூடியதும் நிறைய இருக்கிறது.

ஏப்பத்தில் என்ன இருக்கிறது?

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை, மாவு புளிக்கும் பெரிய பானை மாதிரி. அங்கேயுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலைப் புளிக்க வைக்கின்றன. அதனால்தான் நமக்குச் செரிக்காத வைக்கோல் பாலாக மாறுகிறது. அப்போது உண்டாகும் மீத்தேன் வாயு ஏப்பமாக வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைப் போல எடைக்கு எடை சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குமாம். ஆனால் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றில் சிதைந்தும் போகிறது. ஆகவே, இதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும்.

மனிதர்களால் உண்டாகும் வெப்ப வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று 2013-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு மாடுகளுடையது. பிரேசிலில் இறைச்சி மாடு மேய்க்கவே அமேசான் காட்டை ஏராளமாக அழித்திருக்கிறார்கள். நம் நாட்டில் மாடு பெரும்பாலும் அறுவடையில் மிஞ்சியதைத் தின்று பால் தருகிறது. ஆனாலும் 2019 கணக்கெடுப்பின்படி நம்மிடம் 19 கோடிக்கு மேல் மாடுகள், ஏறக்குறைய 11 கோடி எருமைகள். சும்மா இருக்கலாமா?

தீவனத்தில் கவனம்

வெறும் வைக்கோலைத் தின்று இரண்டு லிட்டர் கறக்கும் மாடும் ஏப்பம் விடத்தான் செய்யும். நல்ல தீவனம் தின்று எட்டு லிட்டர் கறந்தால், லிட்டருக்கு வாயு குறைவு. நம் பால் காசும் கூடும்! எங்கள் விராலிமலைப் பக்கம் மானாவாரிப் பூமி. கோடையில் பச்சையைக் கண்ணால் காண்பதே அரிது. அதனால் கடலைக் கொடியைக் காயவைத்துப் போர் போட்டுக்கொள்கிறோம். வேலியோரம் அகத்தியும், குளியல் தண்ணீர் பாயும் இடத்தில் கோ-4 புல்லும் வளர்கின்றன. வேலிமசாலும் நல்லது.

பெங்களூரிலுள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிறுவனம், துவர்ப்புச் சத்துள்ள தாவரப் பொருள்களைக் கொண்டு 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். அதற்காகத் துவர்ப்பானதையெல்லாம் நாமே அள்ளிப் போட்டுவிடக் கூடாது. கால்நடை டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் கொடுக்க வேண்டும்.

சாணமே அடுப்புக்கு எரிவாயு

குப்பைக் குழியில் ஈரமாக மக்கும் சாணத்திலிருந்தும் மீத்தேன் கிளம்புகிறது. அதையே கலனில் பிடித்து எரித்தால் கெடுதல் வெகுவாகக் குறையும், சமையலும் ஆகும். இரண்டு மூன்று மாடுகளின் சாணம், அதாவது தினம் சுமார் 25 கிலோ, அதே அளவு தண்ணீர் இருந்தால் ஒரு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். வாயு கசியாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே வரும் சாணக் கரைசல் வயலுக்கு அருமையான உரம். வரட்டிப் புகையில் கண் எரிய வேண்டாம். கைக்குழந்தையின் நெஞ்சுக்கும் அந்தப் புகை ஆகாது.

மாடு இல்லாத வீட்டிலும்...

மாடு இல்லாதவர்களுக்கும் வேலை உண்டு. மாட்டிறைச்சி சமைக்கும் வீடுகளில் வாரத்தில் சில நாள் மொச்சை, பருப்பு, முட்டை என்று மாற்றிக்கொள்ளலாம். பாலைப் பொங்கவிட்டு வீணாக்காதீர்கள். மிஞ்சிய பாலை அன்றைக்கே உறை ஊற்றிவிடுங்கள். வளரும் குழந்தைக்குப் பாலைக் குறைக்க வேண்டியதில்லை, கொட்டுவதைக் குறைத்தால் போதும். ஒரு டம்ளர் பாலைக் கொட்டினால், அதற்குச் செலவான தீவனமும் தண்ணீரும் வீண்தானே?