சீனர் கடைத் தவ்ஹு நம் வீட்டுக் குழம்புக்கு ஆகாதா?

மீ கோரெங் தட்டில் தவ்ஹுத் துண்டு குறைந்தால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ரோஜாக் வாங்கி வந்தாலும் முதலில் காலியாவது தவ்ஹுதான். கடையில் இத்தனை ஆசையாகச் சாப்பிடும் பொருளையே அம்மா வீட்டில் சமைத்து வைத்தால் மட்டும், "இது சீனச் சாப்பாடு. சோற்றுக்கு வேறு என்ன இருக்கிறது?" என்ற கேள்வி எழுகிறது.

லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத் தமிழர்களுக்குத் தவ்ஹு புதிய பொருளல்ல. 1903-ஆம் ஆண்டில் சீனாவின் பூச்சாவ் பகுதியிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் சித்தியவானில் வந்து குடியேறினார்கள். பின்னர் ரப்பர் இந்தப் பக்கத்தின் முதன்மைப் பயிரானது. பால்மரம் வெட்ட வந்த தமிழர்களும் அவர்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கினார்கள். அந்தச் சந்தையில் தவ்ஹுவும் இருந்தது. நூறாண்டுக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நம்மில் பல வீடுகளில் அது இன்னும் அன்றாடச் சமையலாகவில்லை.

இது வெறும் ருசிப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால், இதில் குடும்பத்தின் உடல்நலமும் அடங்கியிருக்கிறது.

தட்டில் எது கூடுகிறது, எது குறைகிறது?

சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு. அதாவது, நம்மவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். இதற்குப் பரம்பரை ஒரு காரணம், உடலுழைப்புக் குறைந்தது இன்னொரு காரணம். சோறு மலைபோலவும் குழம்பு ஆறுபோலவும் இருக்கும் தட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

சுகாதார அமைச்சு பரப்பி வரும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறை இதைத்தான் திருத்தச் சொல்கிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரத உணவு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். பல வீடுகளில் அந்தப் புரதக் கால் பங்குதான் இடிக்கிறது. மாதக் கடைசியில் கையில் பணம் சுருங்கும்போது கோழியும் மீனும் குறைகின்றன. அந்த இடத்தைச் சோறு நிரப்பிவிடுகிறது. விரத நாட்களிலும் இதே கதைதான். உருளைக்கிழங்குப் பிரட்டலும் சோறும் சேர்ந்தால் மாவுச்சத்தோடு மாவுச்சத்து.

தவ்ஹு உதவுவது இந்த இடத்தில்தான். கெட்டியான தவ்ஹு 100 கிராமில் ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் வரை புரதம் உண்டு. மாவுச்சத்து மிகக் குறைவு. கொலஸ்ட்ரால் அறவே இல்லை. கோழியில் உள்ள அளவுக்குப் புரதம் இல்லைதான். ஆனால் சோயாப் புரதம் தரத்தில் குறைந்ததல்ல. உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்கள் அனைத்தும் அதில் உள்ளன. இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் இதை வைத்தால்தான் பலன்.

"இது நம் உணவல்லவே!"

தவ்ஹு சீனாவில் பிறந்தது என்பது உண்மை. பத்தாம் நூற்றாண்டுச் சீன நூலிலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆனால், நாம் அன்றாடம் அரைக்கும் மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பயிர் அது. இன்று மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா?

தவ்ஹு செய்யும் முறையும் நமக்கு அந்நியமானதல்ல. இட்லிக்கு உளுந்து ஊற வைப்பதுபோல் சோயா அவரையை இரவு முழுவதும் ஊற வைக்கிறார்கள். அதை அரைத்து, காய்ச்சி, வடிகட்டினால் சோயாப்பால். அந்தப் பாலில் ஜிப்சம் போன்ற உப்பைக் கலந்தால் திரிகிறது. திரிந்ததைத் துணியில் கட்டிப் பலகையால் அழுத்தினால் தவ்ஹு. பாலைத் திரித்துப் பனீர் எடுப்பதும் இதே வழிதான். அழுத்தாமல் அப்படியே விட்டால், ஈப்போவில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடும் தவ் ஃபூ ஃபா.

"அதில் ருசியே இல்லையே!"

இந்தக் குறையில் பாதி நியாயம் உண்டு. தவ்ஹுவுக்குத் தனக்கென்று அழுத்தமான ருசி கிடையாது. எதோடு சேர்கிறதோ அதன் ருசியை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே குழம்பில் போட்டால் வாங்காது. அதன் உள்ளே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது. முதலில் அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும்.

கெட்டித் தவ்ஹுவைச் சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் சிறிய அம்மிக் குழவியோ தண்ணீர்ப் பாத்திரமோ வைத்து இருபது நிமிடம் விட வேண்டும். அவசரமென்றால், துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் கலந்த கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். பச்சை அவரை வாடை போய்விடும், துண்டும் உடையாது. பிறகு குவாலியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, இரு புறமும் பொன்னிறமாகும்வரை வாட்டினால் போதும். எண்ணெயில் மூழ்கப் பொரிக்க வேண்டியதில்லை. பொரிக்கும்போது தவ்ஹு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கடையில் பொரித்து, இனிப்புக் குழம்பு ஊற்றித் தரும் தவ்ஹுவைச் சாப்பிட்டுவிட்டு 'நல்ல உணவு சாப்பிட்டோம்' என்று மகிழ்ந்தால் ஏமாறுவது நாம்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கெட்டித் தவ்ஹு குழம்புக்கும் பிரட்டலுக்கும் ஏற்றது. மிருதுவான தவ்ஹு ஆவியில் வேகவைக்கவும் சூப்புக்கும் ஏற்றது. தவ்ஹு பொக் என்பது ஏற்கெனவே எண்ணெயில் பொரித்து உள்ளே பஞ்சுபோல் ஆனது. பிளாஸ்டிக் குழாயில் உருளையாக வரும் 'ஜப்பான் தவ்ஹு' பெரும்பாலும் முட்டை சேர்த்துச் செய்யப்படுவது. வெள்ளிக்கிழமை, புரட்டாசி, தைப்பூச விரதம் இருப்பவர்கள் உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. சிப்பிக் குழம்பும் பெலாச்சானும் சைவமல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சந்தையில் வாங்கும் தவ்ஹுவை வீட்டுக்கு வந்ததும் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுவது நல்லது. புளித்த வாடை வந்தாலோ, தொட்டால் வழுவழுப்பாக இருந்தாலோ யோசிக்காமல் எறிந்துவிட வேண்டும்.

நான்கு எளிய சமையல்

இவை நால்வருக்கு ஏற்ற அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 300 கிராம் தவ்ஹு போதும்.

ஆவித் தவ்ஹு: மிருதுவான தவ்ஹுவைத் தட்டில் வைத்து, மெல்லியதாக நறுக்கிய இஞ்சியைத் தூவி, ஆவியில் எட்டு நிமிடம் வேகவைக்க வேண்டும். தட்டில் ஊறும் தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு தேக்கரண்டி உப்புக் கிச்சாப்பை ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து ஊற்ற வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பூண்டைச் சிவக்க வறுத்து மேலே கொட்டி, வெங்காயத்தாள் தூவினால் தயார். பல் இல்லாத பாட்டிக்கும் சின்னக் குழந்தைக்கும் ஏற்றது. குழந்தைக்குக் கிச்சாப் வேண்டாம்.

நெத்திலித் தவ்ஹு சம்பல்: பங்கோர் நெத்திலி கிடைக்கும் ஊர்க்காரர்கள் இதைச் செய்யாமல் விடக் கூடாது. ஊறவைத்த காய்ந்த மிளகாய் பத்து, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு இரண்டு பல் ஆகியவற்றை அரைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். ஒரு கைப்பிடி நெத்திலியை உப்புப் போகக் கழுவிச் சேர்த்து, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு, வாட்டிய கெட்டித் தவ்ஹுவைப் போட்டுப் பிரட்டினால் போதும். நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்க்காமல் உப்புப் போட வேண்டாம்.

தவ்ஹு பொக் புளிக்குழம்பு: வழக்கமான கத்தரிக்காய்ப் புளிக்குழம்புதான். தவ்ஹு பொக்கின் மேல் கொதிநீரை ஊற்றி, ஆறியதும் பிழிந்தால் பழைய எண்ணெய் வெளியேறும். அதை இரண்டாக வெட்டி, குழம்பு இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போட வேண்டும். பஞ்சுபோன்ற துண்டுக்குள் குழம்பு இறங்கி, கடித்தால் வாய் நிறையும். 'சீனச் சாப்பாடு' என்று முறைப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் பரிமாற வேண்டும்.

தாவ்சு தவ்ஹு: சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், செங்டு நகரில் பிறந்த மாப்போ தவ்ஹுவின் எளிய வீட்டு வடிவம் இது. பூண்டு, இஞ்சி, மிளகாயை வதக்கி, 150 கிராம் கொத்துக் கோழியைச் சேர்த்து நன்றாக வேகவிட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி தாவ்சு, ஒரு குவளைத் தண்ணீர் விட்டுக் கொதித்ததும், மிருதுவான தவ்ஹுத் துண்டுகளை மெல்லச் சரிக்க வேண்டும். கரண்டியால் கிளறாமல் குவாலியை அசைத்தாலே போதும். கடைசியில் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாகும். தாவ்சு உப்புள்ள அவரை விழுது என்பதால் வேறு உப்புத் தேவையில்லை. சைவமாக வேண்டுமென்றால் கோழிக்குப் பதில் காளானைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம்.

"ஆண்களுக்கு ஆகாதாமே!"

சோயாவைப் பற்றி இப்படி ஒரு பயம் வீட்டுக்கு வீடு உலவுகிறது. சோயாவில் பெண் ஹார்மோனை ஒத்த தாவரப் பொருள் இருப்பதால் கிளம்பிய பேச்சு இது. ஆண்களிடம் செய்யப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் வெளியான மதிப்பீடுகள், சோயா உணவு ஆண் ஹார்மோனைக் குறைப்பதாகக் காணவில்லை. சீனரும் ஜப்பானியரும் தலைமுறை தலைமுறையாக இதை உண்டு வருகிறார்கள்.

உண்மையாகக் கவனமாக இருக்க வேண்டியவர்களும் உண்டு. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சோயா அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கலாம். எனவே மாத்திரைக்கும் தவ்ஹுவுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மற்றவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை கிச்சாப்தான். ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. புட்டியைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, தேக்கரண்டியில் அளந்து ஊற்றினால் ருசியும் கெடாது, இரத்த அழுத்தமும் ஏறாது. விரத நாட்களில் நாம் விரும்பி வாங்கும் 'சைவ ஆடு', 'சைவக் கோழி' வகைகளிலும் உப்பும் பதப்படுத்தும் பொருட்களும் சேர்கின்றன. சாதாரணத் தவ்ஹுவில் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமையில் தொடங்கலாம்

வீட்டுச் சமையலை ஒரே நாளில் மாற்ற நினைத்தால் சண்டைதான் மிஞ்சும். வாரத்தில் ஒரு நாள் போதும். எப்படியும் சைவம் சமைக்கும் வெள்ளிக்கிழமையில், உருளைக்கிழங்குக்குப் பதிலாகப் புளிக்குழம்பில் தவ்ஹு பொக் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் பிழிவதையும், துண்டு போடுவதையும், வாட்டும்போது திருப்பிப் போடுவதையும் பிள்ளைகளிடம் விட்டால், தங்கள் கையால் செய்ததை அவர்கள் ஒதுக்கமாட்டார்கள். அன்று சோற்றுக் கரண்டியை ஒரு தடவை குறைத்துப் போட வேண்டியது மட்டும் பெரியவர்களின் பொறுப்பு.