கந்தரோடை: மண்ணடியில் ஒரு பழைய கிராமம்

மண்ணுள் மறைந்த நகரங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். மறைந்த கிராமங்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நகரம் அழிந்தால் கோட்டையும் மாளிகையும் எஞ்சும். கிராமம் அழிந்தாலோ உடைந்த சட்டியும் பானையும் அடுப்புச் சாம்பலுமே எஞ்சும். ஆயினும், மக்கள் வாழ்ந்த வகையை உண்மையாக உரைப்பவை இவ்வெளிய பொருள்களேயாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள கந்தரோடை இதற்குத் தக்க சான்றாகும். சுண்ணக்கல்லின் மேற் படிந்த செம்மண்ணும், ஆழமற்ற கிணற்று நீரும், மாரியில் பெருகும் வழுக்கையாறும் அவ்விடத்துக்கு மக்களை அழைத்தன. வந்தவர் வாழ்ந்தனர், அவர் விட்டுச் சென்ற குப்பையின் மேல் அடுத்த தலைமுறையினர் வாழ்ந்தனர். இவ்வாறு மண் படைபடையாக உயர்ந்தது. கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது என்பதே புதைபொருளாராய்ச்சியின் முதற் பாடம்.

யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகவிருந்த போல் ஈ. பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் இவ்வூரின் சின்னங்களை ஆராய்ந்து, அறிஞருலகின் கவனத்தை இதன்பால் ஈர்த்தார். முத்திரை குத்திய பழைய வெள்ளி நாணயங்களும், இலட்சுமி உருவம் பொறித்த தகடுகளும், உரோம நாணயங்களும், மணிகளும், செம்பினாலான அஞ்சனக் கோல்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் இங்கு அகழ்ந்தபோது, அடிப்படைகளிற் கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் வெளிப்பட்டன. உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் காணப்படும் இக்கலங்கள், தென்னிந்தியப் பெருங்கற்கால மக்களின் கலங்களை ஒத்தவை. கிறித்துவுக்கு முன்னரே இங்கு குடியிருப்பு நிலைபெற்றிருந்தமைக்கு இவை சான்று. அரிக்கமேட்டிற் கிடைத்தவற்றைப் போன்று, உள்ளடியில் நுண்புள்ளி வளையங்கள் அழுத்திய தட்டுகளின் துண்டுகளும் கிடைத்தன. ஓர் உட்கிராமம் கடல் வாணிகத்தோடு எத்துணை நெருங்கியிருந்தது என்பதை இவை புலப்படுத்துகின்றன.

இன்று கந்தரோடைக்குச் செல்வோரின் கண்ணை முதலிற் கவர்வன, முருகைக்கல்லாற் கட்டப்பட்ட சிறு தூபிகளாகும். அநுராதபுரத்துப் பெருந்தூபிகளின் முன் இவை மிகச் சிறியன. ஆனால் ஒரே வளவில் நெருங்கி நிற்பன. பிக்குகளின் எச்சங்களை உள்ளடக்கியவை என்பார் ஒரு சாரார். அடியார் நேர்ந்து எழுப்பியவை என்பார் மற்றொரு சாரார்.

இத்தூபிகளைக் கொண்டு, இம்மண் எவருக்கு உரியது என்று வழக்காடுவோரும் உளர். அவ்வழக்கிலே கிராமம் மறக்கப்படுகின்றது. பௌத்தம் ஒரு மொழியினர்க்கே உரிய சமயமாய் இருந்ததன்று. காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் அது தழைத்தது. தமிழிலே மணிமேகலை என்னுங் காப்பியத்தையும் தந்தது. ஆதலால் தூபியைக் கண்ட மாத்திரத்தில் அதனை வணங்கினோரின் மொழியைத் துணிந்துவிட இயலாது. தூபிகளுக்கு முந்திய படைகளும் அங்கு உள. பிந்திய வாழ்வும் உளது. ஒரு படையை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறைப்பது, நூலொன்றின் ஓர் ஏட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்தெறிவதை ஒக்கும்.

ஏட்டைக் கிழிக்க வழக்காடுதலே வேண்டுமென்பதில்லை, மண்வெட்டியும் போதும். கந்தரோடை இன்றும் மக்கள் வாழும் ஊர். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவோரும் தோட்டத்துக்கு மண் எடுப்போரும் குற்றவாளிகள் அல்லர். வாழ்வதற்கு நிலம் வேண்டும். ஆயினும் ஒரு மணியோ ஓட்டுத்துண்டோ தான் கிடந்த படையினின்று நீங்கியவுடன் தன் காலத்தை உரைக்கும் ஆற்றலில் பெரும்பங்கை இழந்துவிடுகின்றது. பின்னர் அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றினாலும் இழந்த சாட்சியம் மீளாது.

எனவே வளவிலே பழம்பொருள் தென்படின், அதனை அசைக்காது விட்டு, அறிந்தோர்க்கு அறிவித்தலே கடன். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக மண் காத்து வைத்த செய்தியை ஒரு பகற்பொழுதில் அழித்துவிடாதிருப்பது, அவ்வூரின் முந்திய குடிகளுக்கு இன்றைய குடிகள் செய்யும் மரியாதையாகும்.