சிதம்பரம் போனவர் கொண்டுவந்த சபை

மயிலாடியில் பேருந்தை விட்டு இறங்கியதும் காதில் விழுவது உளிச்சத்தம்தான். பாதி முகம் திறந்த பிள்ளையாரும் நந்தியும் கல்தூசி படிந்து வெயிலில் நிற்கிறார்கள். சிற்பக்கூடங்களைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம். தென்திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் 1809-இல் எழுந்த ஊர் இது.

சபை வரலாறு என்றாலே கப்பலில் வந்த வெள்ளைக்காரரிலிருந்து ஆரம்பிப்பது நமக்குப் பழகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சபையின் முதல் அடி சிதம்பரம் போகும் பாதையில் விழுந்தது. மகாராசன் என்ற சாம்பவர், 18-ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில், மயிலாடியிலிருந்து நடராசரைப் பார்க்கக் கிளம்பினார். நந்தனார் கதை தெரிந்த எவருக்கும் அந்தப் பயணத்தின் வலி சொல்லாமலே விளங்கும். மனசு நிறையாமல் திரும்பியவர், வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாயிருந்த உறவினரிடம் தங்கினார். அங்கே திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். சொந்த ஊருக்குத் திரும்பி, உறவுக்காரர்களைக் கூட்டிவைத்து ஜெபம் பண்ணத் தொடங்கினார். அப்போது மயிலாடியில் பாதிரியும் இல்லை, கோயிலும் இல்லை. சபை மட்டும் இருந்தது.

எதிர்ப்பு வந்தபோது மறுபடியும் தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தார். பிழைக்க வேறிடம் தேடியும், வழிகாட்ட ஒரு போதகரைக் கேட்டும் போன பயணம் அது. அதன் பலனாகத்தான் பிரஷ்யாவில் பிறந்த லண்டன் மிஷனெரிச் சங்கப் போதகர் வில்லியம் டோபியாஸ் ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். ஆலயம் கட்டச் சமஸ்தான அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. இடையில் ஆங்கிலேயருக்கு எதிராக வேலுத்தம்பி தளவாயின் கலகம் மூண்டது. வேதமாணிக்கமும் மற்றவர்களும் மலைகளில் ஒளிந்து கிடந்தார்கள். 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. அந்த வருடமே கோயில் எழுந்தது.

'ஊழியம்' என்ற சொல்லை கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார்கள். ஊழியக்காரர், ஊழியத்துக்குப் போனார், ஊழியத்துக்குக் காணிக்கை. அன்றைய திருவிதாங்கூரில் அதே சொல்லுக்கு வேறு பொருள். கூலியில்லாமல் சர்க்காருக்கு உழைக்க வேண்டிய கட்டாய வேலை அது. சுமை தூக்கு என்றால் தூக்க வேண்டும், அதற்கு மேல் தலைவரியும் கட்ட வேண்டும். முதுகை ஒடித்த வேலைக்கும் கடவுளுக்கான பணிக்கும் ஒரே சொல். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வந்தபோது அந்த ஞாயிறு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் முழுக்கத் தன் உடம்பு தனக்கே சொந்தமாக இருந்த முதல் அனுபவம் அது.

வரிக்கும் ஊழியத்துக்கும் பயந்துதான் சபையில் சேர்ந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ரிங்கல்தௌபேயே அப்படிச் சலித்துக்கொண்டிருக்கிறார்.

1816-இல் உடல் நலிந்து ரிங்கல்தௌபே கிளம்பினார். கப்பலேறிப் போனவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அடுத்த மிஷனெரி சார்லஸ் மீட் வந்து சேர்ந்தது 1818-இல்தான். நடுவே ஏறக்குறைய இரண்டு வருடம், மயிலாடியையும் சுற்றியிருந்த கிளைச்சபைகளையும் வேதமாணிக்கம் கட்டிக்காத்தார். லண்டனிலிருந்து யாரும் வராமலே சபை நடந்த காலம் அது. மீட் வந்த பிறகு நாகர்கோவிலில் செமினரி, அச்சுக்கூடம், மிஷனெரி மால்ட் அம்மையாரின் லேஸ் பின்னல் என்று கதை விரிகிறது.

மிஷனெரி இல்லாத அந்த இரண்டு வருடம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. மிஷனெரிகள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெட்டி எண் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். உபதேசியார்கள் எழுதியது எங்கே? வேதமாணிக்கத்துக்குப் பின்னால் ஊர் ஊராக நடந்த அந்த மனிதர்களின் ஓலையும் கணக்கும் எங்கே? மிச்சமிருப்பவை கிராமக் கோயில்களின் ஆயத்த அறைகளில், துருப்பிடித்த இரும்பு அலமாரிகளில் கிடக்கின்றன. இருநூறாம் ஆண்டு, நூற்றைம்பதாம் ஆண்டு என்று கோயில்களைப் புதுப்பிக்கும்போது ஓடும் கழுக்கோலும் லாரியில் ஏறுகின்றன, கூடவே பழைய நோட்டுகளும். கான்கிரீட் கூரைக்கு லட்சக்கணக்கில் காணிக்கை சேர்க்க முடிகிற சபைக்கு, ஒரு பதிவேட்டைப் படமெடுத்து வைக்கக் கைப்பேசியும் ஒரு சனிக்கிழமை மத்தியானமும் போதும். அதைச் செய்யத்தான் ஆளில்லை. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடும் முன் ஒவ்வொரு சபையும் தன் அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்ததும் இதையும் கேளுங்கள்.

நாஞ்சில் நாட்டின் ஒரு சிற்றூரில் அப்படி ஓர் அலமாரியைத் திறந்துகாட்டினார் எண்பதைத் தாண்டிய சபை மூப்பர். ஞானஸ்நானப் பதிவேடு, பழுப்புக் காகிதம், உபதேசியாரின் சாய்ந்த எழுத்து. பழைய பெயர், புதிய பெயர், தகப்பன் பெயர், தொழில் என்று கோடு போட்டிருந்தது. மாடன், இசக்கி, சுடலை எல்லாம் ஒரு பக்கம். ஞானமுத்து, யோவான், மரியாள் மறுபக்கம். பக்கத்தைப் புரட்டும்போது ஓரம் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது.

"பழைய கோயில பொளிச்சப்ப ரெண்டு சாக்கு நோட்டு போச்சு மக்கா. இது ஒண்ணுதான் எனக்க வீட்டுல கெடந்ததால தப்பிச்சு," என்றார்.

தன் பாட்டாவின் அப்பா திருமுழுக்குப் பெற்ற வரியைத் தேடினார். விரலால் தொடாமல், ஓர் ஈர்க்குச்சியை வைத்து வரி வரியாக இறங்கினார். கிடைத்தது. புதிய பெயர் முழுசாக இருந்தது, வேதமுத்து. தொழில், வயல்வேலை. பழைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இராமபாணம் தின்ற ஓட்டை. அதன் வழியே அடுத்த பக்கத்தின் எழுத்து தெரிந்தது.

"எனக்க பாட்டாவுக்க அப்பன் பேரு என்னவா இருந்திருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.