காலிமுகத்திடல்: யாருக்காக விரிக்கப்பட்ட புல்?

கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறினால் விடிகிற நேரம் கொழும்பு. கடந்த விடுமுறையில் அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். பத்து வயது. உடுப்புக்கு முன்னர் அவன் பையில் வைத்தது பந்தைத்தான். கடலுக்குப் பக்கத்தில் பெரிய கிரவுண்ட் ஒன்று இருப்பதாக வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு மாலையில் காற்று வாங்கப் போக இரணைமடுக் குளக்கட்டு இருக்கிறது. அங்கே பந்தடித்தால் பந்து தண்ணீரில்.

காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையில் சிறிய கல்வெட்டு ஒன்று உண்டு. பெரும்பாலானோர் அதைப் பார்க்காமலே கடந்துபோய் இறால் வடை வாங்குவார்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் மருமகன் என்னிடம் கேட்டான். 1856 இல் சேர் ஹென்றி வோர்ட் இந்த நடைபாதையைத் தொடக்கினார், 1859 இல் முடிந்தது, கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலனுக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களுக்குப் பரிந்துரைக்கிறார் என்று சொன்னேன்.

"கொழும்புப் பிள்ளையளுக்கு மட்டுமோ, சித்தி? அப்ப நான் இதில பந்தடிக்க ஏலாதோ?"

பந்தடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. இந்த மைதானத்தின் வரலாறே அந்தக் கேள்விதான்.

இது முதலில் விளையாடுவதற்கான வெளி அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் எதிரி ஒளிந்துகொள்ள மரமோ வீடோ இருக்கக்கூடாது என்பதற்காக வெறுமையாக வைக்கப்பட்ட நிலம். காலிப் பக்கம் பார்த்த கோட்டை முகப்பு என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. காவலரணுக்கு முன்னால் பற்றையை வெட்டி வெளியாக்கி வைத்திருப்பதை நாங்கள் பார்த்தே வளர்ந்தோம்.

ஆங்கிலேயர் வந்து பீரங்கிக்கு வேலை குறைந்ததும் அதே வெளியில் குதிரைப் பந்தயம் ஓடியது. பந்தயத்தைக் கொழும்பின் வெள்ளைக்காரச் சமூகம் பார்க்க எழுந்த கூடத்தோடு ஒட்டி வளர்ந்ததுதான் கொழும்பு கிளப். 1855 இல் தேசாதிபதியாக வந்த வோர்ட் செய்தது, கடலோரமாக நடக்க ஒரு பாதை அமைத்தது. 1860 இல் அவர் சென்னைக்கு ஆளுநராக மாற்றப்பட்டு, போன சில வாரங்களிலேயே கொலராவில் இறந்துபோனார். சென்னையில் அவர் எதையும் கட்டிமுடிக்கக் காலம் கிடைக்கவில்லை. கொழும்பில் அந்தப் பாதை நிற்கிறது.

அப்போது இங்கிலாந்தின் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் இதே ஆசைதான்: நடைபாதை, பூங்கா, வாத்திய மேடை, விளையாட்டு மைதானம். ரயில் வந்தது, 1871 இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது, தொழிலாளர்கள் கடற்கரைக்கு வந்தார்கள். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் நியூ பிரைட்டன் என்ற ஊரில் பெரும் கோபுரமும் களியாட்டப் பூங்காவும் கட்டிய கம்பனி, குளிர்காலத்திலும் காசு பார்க்க வேண்டுமென்று ஒரு உதைபந்தாட்டக் கழகத்தையே தொடங்கியது. அணி லீக்கில் ஆடியது, கூட்டம் போதவில்லை, 1901 இல் கலைத்துவிட்டார்கள். கோபுரமும் முதலாம் உலகப் போருக்குப் பின் கழற்றப்பட்டது. ரிக்கற்றை நம்பிய மைதானம் ரிக்கற்றோடு போனது.

காலிமுகத்திடலில் ரிக்கற் இல்லை. அதற்காக எல்லோருக்கும் இடம் இருந்தது என்று அர்த்தமில்லை.

1879 ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கொழும்பு கோல்ப் கழகம் இந்தப் புல்லில் தொடங்கியது. பின்னாளில் றோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான முதல் துடுப்பாட்டப் போட்டி, ஆசிரியர்களும் சேர்ந்து ஆடிய போட்டி, நடந்ததும் இங்கேதான். கொழும்பு புட்போல் கிளப் உருவானதும் அதே ஆண்டு. பெயர்தான் புட்போல், ஆடியது றகர். இன்று நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்லும் விளையாட்டு 1900களின் தொடக்கத்தில்தான் இந்த மணல் கலந்த புல்லில் பரவலாயிற்று. முதலில் படையினரும் அதிகாரிகளும், பிறகு உள்ளூர்க் கழகங்கள். குதிரைக்கும் கோல்புக்கும் பணம் வேண்டும், பந்துக்கு வேண்டாம். இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939 இல்தான் பிறந்தது. அதற்கு முன்பே, 1890களில், குதிரைப் பந்தயமும் கோல்பும் கறுவாத்தோட்டம், பொரளை என்று உள்ளே போய்விட்டன. வசதியானவர்கள் விட்டுப்போன பிறகே திடல் சாதாரண மக்களின் திடலானது என்பது என் கணிப்பு.

1956 யூன் 5 எங்கள் வீடுகளில் சொல்லிக்கொடுக்கப்பட்ட தேதி. தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, திடலின் வடக்கு முனையில் இருந்த பாராளுமன்றத்துக்கு எதிரே எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களைக் கும்பல் அடித்து விரட்டியது. சிலர் பேரை வாவிக்குள் எறியப்பட்டார்கள். தலையில் காயத்துக்குக் கட்டோடு அமிர்தலிங்கம் சபைக்குள் போனார். சீமாட்டிகளும் சிறுவர்களும் நடந்த அதே புல்.

2009 யூன் 3 இல் அதே புல்லோரமாக வெற்றி அணிவகுப்பு போனது. நான் வவுனியாவில் ஒரு முகாமில், உயர்தரம் எழுதவேண்டிய வயதில், தண்ணீர் வரிசையில் நின்றேன். பக்கத்துக் கூடாரத்து வானொலியில் நேரடி வர்ணனை. காலிமுகத்திடல் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கவனித்துக் கேட்டது அன்றுதான். கடற்காற்றோ பட்டமோ என் நினைவில் முதலில் வராததற்கு அதுதான் காரணம்.

ஆனாலும் இந்தத் திடலுக்கு நாங்கள் கடன்பட்ட ஒரு விடயம் இருக்கிறது, அதை எங்கள் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. திடலை ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுத்துப் பெரிய களியாட்ட வளாகம் அமைக்க நகர அபிவிருத்தி அதிகார சபை உடன்படிக்கை செய்தது. சுற்றாடல் அமைப்பு ஒன்று அதன் பிரதியைக் கேட்டது. கொடுக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2005 இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம், அந்த உடன்படிக்கைக்குச் சட்டவலு இல்லை என்றது. தகவலைத் தர மறுத்தது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையிலுள்ள பேச்சு, கருத்துச் சுதந்திரத்தை மீறுவதாகவும் சொன்னது. தகவல் அறியும் சட்டம் 2016 இல்தான் வந்தது. அதற்குப் பதினொரு வருடங்களுக்கு முன்னர் அந்த உரிமையை ஒரு புல்வெளி வாங்கித் தந்தது. இன்று வன்னியில் படையினர் வசமுள்ள காணி பற்றி விண்ணப்பம் எழுதும்போது, அந்தத் தீர்ப்பு எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

2022 சித்திரையில் அங்கே கூடாரங்கள் முளைத்தன. மே 18 அன்று நான் முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு படம் வந்தது: காலிமுகத்திடலிலும் கஞ்சி. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் பார்த்துவிட்டு, "பதின்மூண்டு வருசம் எங்க போனவை?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "என்னண்டாலும் காய்ச்சியிருக்கினம்" என்றார். இரண்டும் நியாயம்தான். யூலை 22 விடியமுன் படையினர் அந்தக் கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். 2023 இல், மத நிகழ்வுகளைத் தவிர வேறு எதற்கும் திடலைக் கொடுப்பதில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. மக்கள் ஆறுதலாக உலாவுவதற்காகவாம். வோர்ட்டின் கல்லும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது.

இன்று மிஞ்சியிருப்பது சுமார் 5 ஹெக்டேயர். கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகரம் 269 ஹெக்டேயர். திடலில் நின்று வடக்கே பார்த்தால் தொடுவானத்தில் பாதியை அதுதான் மறைக்கிறது.

மருமகன் பந்துக்குக் காற்றடிக்க ஒரு சைக்கிள் கடை தேடிக் கொம்பனித்தெரு வரை நடந்தோம். திரும்பி வந்தபோது பட்டம் விற்கிறவர்கள் வந்திருந்தார்கள். அவன் முதல் உதையிலேயே பந்தை நடைபாதைக் கம்பிக்கு மேலால் கடலுக்கு அடித்துவிட்டான். அலை அதைத் திருப்பித் தர இருபது நிமிடம் எடுத்தது.