அலுவலகக் கணினியில் ஓயாத பிரவுசர் அப்டேட் நினைவூட்டல்: நிறுத்தும் முன் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: செகந்திராபாத்தை அடுத்த மெட்டுகுடா, ரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பகுதி. 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டது முதல் அங்குள்ள சாலைகளில் ஆள் நடமாட்டம் மேலும் கூடியிருக்கிறது. இத்தகைய பகுதிகளில் பயணச்சீட்டு முகவர், அரசுச் சேவை மையம், கணக்காளர் அலுவலகம் என எங்கு சென்றாலும் பணி முழுவதும் பிரவுசர் எனப்படும் உலாவியிலேயே நடைபெறுகிறது. எதிரே மக்கள் வரிசையில் காத்திருக்கும் வேளையில், 'புதுப்பிக்க மீண்டும் தொடங்கவும்' என்ற அறிவிப்பு திரையின் மூலையில் தோன்றினால் ஊழியருக்கு எரிச்சல் ஏற்படுவது இயல்பே. 'இதை ஒரேயடியாக நிறுத்த முடியாதா?' என்பதே அலுவலகக் கணினிகளைப் பராமரிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி.

நிறுத்த முடியும். ஆனால் நினைவூட்டலை நிறுத்துவதும் புதுப்பிப்பையே நிறுத்துவதும் வெவ்வேறு செயல்கள். பல அலுவலகங்களில் முதலாவதைச் செய்வதாக எண்ணி இரண்டாவதைச் செய்துவிடுகின்றனர்.

அறிவிப்பு சொல்வது என்ன?: கூகுள் குரோம் உலாவியில் இந்த அறிவிப்பு வரும்போது புதிய பதிப்பு பெரும்பாலும் ஏற்கெனவே பதிவிறக்கம் செய்யப்பட்டுவிட்டது. உலாவியை மூடித் திறக்கும் வரை அது செயலுக்கு வராமல் காத்திருக்கிறது. எத்தனை நாள்களாகக் காத்திருக்கிறது என்பதை நிறம் காட்டும். பச்சை எனில் வெளியாகி இரண்டு நாள்களுக்குள், ஆரஞ்சு எனில் சுமார் நான்கு நாள்கள், சிவப்பு எனில் ஒரு வாரம் கடந்துவிட்டது. மாலையில் கணினியை அணைக்காமல் திரையை மட்டும் அணைத்துச் செல்லும் அலுவலகங்களில் சிவப்பு நிறம் நிரந்தரமாகக் குடியேறிவிடுவது இதனால்தான். நாள்தோறும் பணி முடிந்ததும் உலாவியை முழுமையாக மூடினாலே நினைவூட்டல்களில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

மூடித் திறக்கும்போது வழக்கமான தாவல்கள் மீண்டும் தோன்றும். மறைநிலைச் சாளரங்கள் தோன்றா. பாதி நிரப்பிய படிவத்தில் இருந்த விவரங்களும் பெரும்பாலும் அழிந்துபோகும். எனவே, பணியின் நடுவே அந்தப் பொத்தானை அழுத்த ஊழியர்கள் தயங்குவதைச் சோம்பல் என்று கூறிவிட இயலாது.

அறிவிப்புகளின் எண்ணிக்கை கூடியதற்கும் காரணம் உண்டு. குரோமின் முதன்மைப் பதிப்புகள் வெளியாகும் இடைவெளியை 2021 செப்டம்பரில் ஆறு வாரங்களிலிருந்து நான்கு வாரங்களாகக் கூகுள் குறைத்தது. 2023 ஆகஸ்டு முதல் பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் வழங்கத் தொடங்கியது. குரோமின் அடிப்படை நிரலான குரோமியம் எவரும் படிக்கக்கூடிய திறந்த நிரல். ஒரு குறைபாடு சரிசெய்யப்பட்டதும் அந்தத் திருத்தம் நிரலில் வெளிப்படையாகத் தெரியும். அதைப் படித்து, இன்னும் புதுப்பிக்கப்படாத கணினிகளைத் தாக்க முடியும். அந்த இடைவெளியைச் சுருக்கவே வாராந்திர முறை கொண்டுவரப்பட்டது.

அடுத்த மாதமே இதன் தேவை வெளிப்பட்டது. படங்களைத் திறக்கப் பயன்படும் 'லிப்வெப்பி' என்ற நிரல்தொகுப்பில் இருந்த குறைபாடு 2023 செப்டம்பர் 6 அன்று கூகுளுக்குத் தெரிவிக்கப்பட்டது. 11ஆம் தேதி குரோமுக்கும், 12ஆம் தேதி ஃபயர்பாக்ஸுக்கும் திருத்தம் வெளியானது. அதற்கு முன்பே தாக்குதலாளர்கள் அந்தக் குறைபாட்டைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர்.

நிர்வாகி செய்யக்கூடியது: அலுவலகக் கணினிகளில் இதற்கான கட்டுப்பாடு விண்டோஸின் குரூப் பாலிசி வழியாக நிர்வாகியிடம் உள்ளது. 'ரீலாஞ்ச் நோட்டிஃபிகேஷன்' என்ற அமைப்பில் 1 என அளித்தால் மறுதொடக்கம் பரிந்துரைக்கப்படும். 2 என அளித்தால் குறித்த காலம் முடிந்ததும் கட்டாயமாக நிகழும். அந்தக் காலம் மாற்றப்படாத நிலையில் ஏழு நாள்கள். மறுதொடக்கம் நிகழ வேண்டிய நேரத்தை 'ரீலாஞ்ச் விண்டோ' என்ற அமைப்பின் மூலம் இரவுக்கு ஒதுக்கலாம். புதுப்பிப்புக்கான சோதனையை அலுவல் நேரத்தில் மட்டும் நிறுத்திவைக்கவும் தனி அமைப்பு உள்ளது. இவற்றை முறையாக அமைத்தால் பகலில் வரிசை தடைபடாது, திருத்தமும் தவறாது. மைக்ரோசாஃப்ட் எட்ஜும் குரோமியத்தின் மீதே கட்டப்பட்டது என்பதால் அதிலும் இதையொத்த அமைப்புகள் உள்ளன.

ஃபயர்பாக்ஸில் 'ஒருபோதும் சோதிக்காதே' என்ற தெரிவு 2018 அக்டோபரில் வெளியான 63ஆம் பதிப்பிலேயே அமைப்புகள் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. நிறுவனங்களுக்கான கொள்கைக் கோப்பின் மூலம் இன்றும் புதுப்பிப்பை முடக்கலாம். எனினும், அடிக்கடி மாற்றம் வேண்டாம் என்போருக்கு ஃபயர்பாக்ஸின் நீண்ட ஆதரவுப் பதிப்பே பொருத்தமானது. அதில் புதிய வசதிகள் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும்.

பழைய விண்டோஸ் எனில்: உலாவியை மூடித் திறந்த பிறகும் எச்சரிக்கை நீங்கவில்லை எனில், இயங்குதளம் பழையதாக இருக்கக்கூடும். விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றில் இயங்கும் கடைசி குரோம் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வெளியான 110ஆம் பதிப்பு அவற்றில் நிறுவப்படாது. அந்த எச்சரிக்கையை மட்டும் மறைக்கும் அமைப்பும் குரோமில் இருக்கிறது. இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே நமது கருத்து. எச்சரிக்கை மறைந்த கணினியில், அது பாதுகாப்பற்றது என்பதை அடுத்து வரும் ஊழியர் அறியவே வழியில்லை.

தள்ளிப்போடுவதன் விலை ரயில்வேக்குத் தெரியும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாகிரை தீநிரல், தெற்கு ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. ஆந்திரப் பிரதேசக் காவல் துறையின் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அந்தத் தீநிரல் உலாவியின் வழியாகப் பரவியதன்று. விண்டோஸில் இருந்த குறைபாட்டின் வழியாகப் பரவியது. ஆனால் அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்குதல் தொடங்கியது மே 12.

போலி அறிவிப்பு: ஓயாமல் வரும் நினைவூட்டல்கள் அனைத்தும் உண்மையானவை அல்ல. 'உங்கள் உலாவி பழையதாகிவிட்டது' என்று முழுத்திரையில் காட்டி, கோப்பு ஒன்றைப் பதிவிறக்கச் செய்யும் மோசடி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 'சோக்கோலிஷ்' எனப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பெயரிட்டுள்ள தீநிரல் இவ்வாறே பரவுகிறது. ஊடுருவப்பட்ட நம்பகமான இணையதளங்களிலும் இப்பக்கம் தோன்றும் என்பதே இதன் ஆபத்து.

வேறுபடுத்தி அறிவது கடினமன்று. உண்மையான அறிவிப்பு உலாவியின் மேல் வலது மூலையில் உள்ள பட்டியலில் அல்லது உலாவியே காட்டும் சிறு பெட்டியில் வரும். இணையப் பக்கத்தின் உள்ளே வராது. கோப்பு எதையும் திறக்கச் சொல்லாது. ஐயம் எழுந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மெனுவில் 'உதவி' பகுதிக்குச் சென்று 'கூகுள் குரோம் பற்றி' என்பதைத் திறந்தால் பதிப்பு எண் தெரியும். புதிய பதிப்பு இருப்பின் அங்கேயே பதிவிறக்கம் தொடங்கும்.

போலிக் கோப்பை ஏற்கெனவே திறந்துவிட்டால், முதலில் அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு நிர்வாகிக்குத் தெரிவிக்க வேண்டும். பண இழப்பு ஏற்பட்டிருப்பின் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். கணினிகளில் தீநிரல் நுழைந்தது போன்ற சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பிக்கப்பட்ட உத்தரவு கூறுகிறது.