இடம்பெயராத புழுக்கள்

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டிய களிமண் ஓடைகளில் கல்லாகிப்போன புழுக்கூடுகள் கிடைக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் வாழ்ந்த செர்புலிட் புழுக்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் குழாய்கள் அவை. பழைய கடலின் தன்மையை அறிய இவை உதவுகின்றன. இன்றைய கடல் கெட்டிருக்கிறதா என்று கேட்டாலும் புழுக்களிடம் பதில் உண்டு.

ராத்திரி ஆலை திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் அலையோடு போய்விடும். காலையில் மொண்ட நீரில் தடயம் இருக்காது. மீனும் விலகிப் போய்விடும். சேற்றில் வாழும் உருளைப்புழுவால் அப்படிப் போக முடியாது. அதன் குஞ்சுகூட நீரில் மிதந்து திரியாமல் அதே சேற்றில்தான் வளர்கிறது. அங்கே நடந்ததையெல்லாம் அது உடம்பில் வாங்கியாக வேண்டும்.

ஆய்வாளர்கள் குழாயைச் சேற்றில் இறக்கி மண்ணை எடுக்கிறார்கள். ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் கலந்து, சல்லடையில் அலசுகிறார்கள். அரை மில்லிமீட்டர் கண்ணில் பெரிய புழுக்கள் தங்கும். அதில் நழுவியவை 0.063 மில்லிமீட்டர் கண்ணில் மாட்டும். நுண்ணோக்கியில் அவை இளஞ்சிவப்பு இழைகளாகத் தெரியும். உருளைப்புழுவின் வாயை உற்றுப் பார்த்தால் பல் இருக்கிறதா இல்லையா என்பது புலப்படும். அதை வைத்து எதைத் தின்னும் புழு என்று பிரிக்கும் முறையை வீசர் என்ற ஆய்வாளர் 1953இல் வகுத்தார்.

சாக்கடை சேர்ந்து பிராணவாயு குறைந்த சேற்றில் பல இனங்கள் மடியும். கேப்பிடெல்லா போன்ற சில பெரிய வகைப் புழுக்கள் மட்டும் மளமளவென்று பெருகும். இந்த மாற்றம் எந்த வரிசையில் நடக்கிறது என்பதை பியர்சன், ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978இல் விளக்கினார்கள். ஆனால், ஒரு முறை எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது தவறு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முகத்துவாரத்து உப்பு குறைந்தாலே பல புழுக்கள் சாகும். மணல் பருமனானாலும் இனங்கள் மாறும். அதற்கும் ஆலைக்கும் தொடர்பில்லை.

பெரம்பலூரின் வடக்கு எல்லையில் ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. மருதையாறு அரியலூர் வழியே கொள்ளிடத்தில் விழுகிறது. இங்கே ஆற்றில் விடுவது முகத்துவாரச் சேற்றில் படியும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. புழுவை இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆற்று நீரைச் சோதிப்பவர்கள் முகத்துவாரச் சேற்றையும் அவர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்: மழைக்கு முன் ஒரு தடவை, வெள்ளம் வடிந்து சில மாதம் கழித்து ஒரு தடவை, வருடம் தவறாமல்.