ஏப்ரல் 12-க்குப் பின்னால் இரண்டு தாமதங்கள்

1961 ஏப்ரல் 12-இல் யூரி ககாரின் விண்வெளிக்குப் போனார். சரியாக இருபது ஆண்டு கழித்து, 1981-இல் அதே தேதியில், அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடமான கொலம்பியா கிளம்பியது. ரஷ்யர்களுக்குப் போட்டியாக நாள் குறித்தார்கள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அமெரிக்கர்கள் குறித்த நாள் ஏப்ரல் 10.

அன்று கெடுத்தது கம்ப்யூட்டர். ஓடத்தில் மொத்தம் ஐந்து. நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்கைப் போட்டு, விடையை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். ஒன்று தவறினால் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். நான்கிலும் இருப்பது ஒரே மென்பொருள்தானே, அதிலேயே பிழை இருந்தால்? அதற்காகத்தான் ஐந்தாவது. அதன் மென்பொருளை வேறு குழு தனியாக எழுதியது. நான்கின் பேச்சை அது ஒட்டுக் கேட்டபடியே இருக்கும், ஆபத்தென்றால் பொறுப்பேற்க. அன்று, முதல் கம்ப்யூட்டரை இயக்கியபோதே நேரக் கணக்கு நொடியில் 25-இல் ஒரு பங்கு பிசகிவிட்டது. பஜனையில் நான்கு பேரும் சேர்ந்தே அரை அட்சரம் தள்ளி எடுத்தால் அவர்களுக்குத் தெரியாது. ஓரமாக உட்கார்ந்து தாளம் போடுகிறவர்தான் திகைப்பார். ஐந்தாவது அப்படித் திகைத்தது. 67 தடவை இயக்கினால் ஒரு தடவை தலைகாட்டக்கூடிய பிழை அது. ஓடத்தில் பறக்கவிருந்த ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்துவிட்டு இறங்கினார்கள். மென்பொருளை மறுபடி ஏற்றியதும் கோளாறு போயிற்று. பன்னிரண்டாம் தேதி பறந்தார்கள்.

எல்லாப் பொருத்தமும் இப்படித் தானாக அமைவதில்லை. சால்க்கின் போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவித்ததும் ஓர் ஏப்ரல் 12-தான், ஆண்டு 1955. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டிய அமைப்பைத் தொடங்கியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்; 39 வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்தவர். அன்று அவருடைய பத்தாம் நினைவு நாள். தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இனி ககாரின். அவரை முந்தியிருக்கக்கூடியவர் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட். 1961 ஜனவரி 31-இல் ஹாம் என்ற சிம்பன்சியை ஏற்றிப்போன ரெட்ஸ்டோன் ராக்கெட், திட்டத்தை மீறிய வேகத்திலும் உயரத்திலும் பாய்ந்தது. ஹாம் உயிரோடு திரும்பியது. ஆனாலும் ராக்கெட்டை வடிவமைத்த வெர்னர் வான் பிரான், ஆளில்லாமல் இன்னொரு சோதனை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நியாயமான பிடிவாதம்தான். மார்ச் 24-இல் நடந்த அந்தச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. அதிலேயே ஷெப்பர்ட் போயிருந்தால் கால் மணி நேரப் பயணம்தான், பூமியைச் சுற்றும் பெருமை அப்போதும் ககாரினுக்கே. ஆனால் விண்வெளியைத் தொட்ட முதல் மனிதர் ஷெப்பர்டாக இருந்திருப்பார்.

அவர் போனது மே 5-இல், ககாரினுக்கு 23 நாள் பிந்தி.